கேள்வி – பதில்: மாஸ் ஸ்பெக் ஆய்வகம்

புரதம், நுண்ணுயிரி, மருந்து எதுவானாலும் மூலக்கூறை எடைபோட்டு அடையாளம் சொல்லும் துறை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தக் கருவிகளோடு வேலை செய்பவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். மாஸ் ஸ்பெக்கில் ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனால் கணக்கும் இயற்பியலும் எனக்கு அவ்வளவாக வராது. இந்தத் துறை சரிப்படுமா?
– மாணவி, தஞ்சாவூர்

தாராளமாகச் சரிப்படும். அன்றாட வேலைக்கு வேண்டிய கணக்கு பெருக்கலும் வகுத்தலும்தான். ஒன்றை இப்போதே போட்டுப் பாருங்கள்.

குதிரைத் தசையின் மயோகுளோபின் புரதத்தை, கொஞ்சம் அமிலம் கலந்த கரைசலில் எலக்ட்ரோஸ்பிரே ஊசி வழியாக அனுப்புகிறீர்கள். ஊசிமுனையில் சில ஆயிரம் வோல்ட் இருக்கிறது. கரைசல் நுண்துளிகளாகச் சிதறும், துளிகள் காயும், ஒவ்வொரு புரத மூலக்கூறும் பல புரோட்டான்களைச் சுமந்துகொண்டு வெற்றிடத்துக்குள் நுழையும். ஒன்று 17 புரோட்டான் சுமந்தால் பக்கத்தில் இருப்பது 18 சுமக்கும். கருவி நேரடியாக நிறையை அளப்பதில்லை. நிறையை மின்சுமையால் வகுத்து வரும் எண்ணைத்தான் அளக்கிறது. அதை எம்/இசட் என்போம். அதனால் ஒரே புரதம் திரையில் சீப்புப் பற்களைப்போலப் பல பீக்குகளாக (கூர்முனைகளாக) வரிசைகட்டி நிற்கும்.

அடுத்தடுத்த இரண்டு பற்கள் 942.76, 998.15 என்று இருக்கட்டும். சின்ன எண்ணிலிருந்து புரோட்டானின் நிறையான 1.007-ஐக் கழித்தால் 941.75. இரண்டு பீக்குக்கும் இடைவெளி 55.39. 941.75-ஐ 55.39-ஆல் வகுத்தால் 17 வரும். ஆக, 998.15-இல் நிற்கும் பீக்கின் மின்சுமை 17. இனி 998.15-இல் 1.007-ஐக் கழித்து 17-ஆல் பெருக்குங்கள்: 16,951 டால்டன் (மூலக்கூறை எடைபோடும் அலகு). மயோகுளோபினை எடைபோட்டுவிட்டீர்கள். 1988-இல் ஜான் ஃபென் பெரிய புரதங்களை எடைபோட்டுக் காட்டியது இப்படிப்பட்ட பல்வரிசையை வைத்துத்தான். அதற்காக 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வெற்றிடம், மின்புலம் பற்றிய பாடமெல்லாம் கருவியைத் திறந்து துடைத்து மூடும்போது தானாக மனத்தில் ஏறும். உயிர்வேதியியல் படித்தவருக்கு உள்ள பலம் சாம்பிளைப் பற்றிய அறிவு. ஒரு ரன் நன்றாக வருமா கெட்டுப்போகுமா என்பது பெரும்பாலும் கருவிக்குள் சாம்பிள் போவதற்கு முந்தைய இரண்டு நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த இரண்டு நாளும் உங்கள் மேசையில்தான் கழிகிறது.

நெல் இலைப் புரதத்தை, அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, 55 கிலோடால்டன் பக்கம் வந்த பட்டையை வெட்டி மாஸ் ஸ்பெக் மையத்துக்கு அனுப்பினேன். கெரட்டின் 1, 2, 9, 10 என்று பட்டியல் வந்திருக்கிறது. நெல்லில் ஏது கெரட்டின்? கருவிக் கோளாறா?
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த நான்கும் மனிதத் தோலின் புரதங்கள். உங்கள் தோலாகவும் இருக்கலாம், மையத்தில் பட்டையைக் கையாண்டவரின் தோலாகவும் இருக்கலாம். பட்டையில் உங்கள் புரதம் சில நானோகிராம்தான் இருந்திருக்கும். அதன்மேல் ஒரு பொடுகுத் துணுக்கு விழுந்தாலே கெரட்டின் முந்திக்கொள்ளும்.

எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே ஜெல்லில் புரதம் ஏற்றாத வரிசையிலிருந்து, அதே உயரத்தில் ஒரு துண்டை வெட்டி அதையும் சாம்பிளைப்போலவே நடத்துங்கள். அதிலும் கெரட்டின் பலமாக வந்தால், ஜெல் வார்த்ததிலிருந்து கடைசி வரை எங்கோ ஒரு பொதுவான இடத்தில் அழுக்கு இருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது சாம்பிள் பஃபரை. தோல் கெரட்டின்கள் ஏறக்குறைய 55 முதல் 68 கிலோடால்டன் வரை ஓடுபவை. பஃபர் குப்பியில் தோல்துகள் விழுந்திருந்தால் எல்லா வரிசையிலும் அந்த உயரத்தில் மங்கலான பட்டை தெரியும். அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து, சிறு சிறு பங்காக உறையவையுங்கள்.

கையுறை போட்டிருந்தேனே என்பீர்கள். கையுறை போட்ட கையால் கதவுப்பிடியைத் தொட்டு, கண்ணாடியை மேலே தள்ளி, அதே விரலால் ஜெல்லைத் தூக்குவதைப் பல ஆய்வகங்களில் பார்க்கலாம். மாவு பூசாத நைட்ரைல் கையுறை வேண்டும். ஜெல்லைத் தொடுமுன் அதைத் தண்ணீரில் கழுவ வேண்டும். முகத்தையோ கதவையோ தொட்டால் உடனே மாற்ற வேண்டும். கம்பளி ஸ்வெட்டரோடு மேசைக்கு வராதீர்கள், ஆட்டுக் கெரட்டினும் பட்டியலில் ஏறும். ஸ்கேனர் கண்ணாடியை எத்தனாலாலும் தண்ணீராலும் துடைத்துவிட்டு ஜெல்லை வையுங்கள். பட்டையை வெட்டும் மேசைக்கு நேர்மேலே ஏசி காற்று வீசினால் இடத்தை மாற்றுங்கள். சாயமேற்றும் பெட்டியை மூடியே வையுங்கள். வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடியால் புரதம் தேடும் சோதனை) செய்யும் பெட்டியில் ஒருநாளும் சாயமேற்றாதீர்கள், அதில் தடவிய பால்புரதமும் ஆல்புமினும் போகவே போகாது.

வெட்டிய பட்டையை 1 மில்லிமீட்டர் கனத்துண்டுகளாக்கி, 50 மில்லிமோலார் அமோனியம் பைகார்பனேட்டும் அசிட்டோநைட்ரைலும் சரிபாதி கலந்ததில் நிறம் போகும்வரை அலசுங்கள். பிறகு முழு அசிட்டோநைட்ரைலில் வெள்ளையாகச் சுருங்கவிட்டு, 10 மில்லிமோலார் டிடிடியில் (புரதத்தின் கந்தகப் பிணைப்பை அவிழ்ப்பது) 56 டிகிரியில் 45 நிமிடம், அடுத்து 55 மில்லிமோலார் அயோடோஅசிட்டமைடில் (அது மறுபடி சேராமல் தடுப்பது) இருட்டில் 30 நிமிடம். மறுபடி அலசிச் சுருக்கியபின் ஒரு மைக்ரோலிட்டருக்கு 12.5 நானோகிராம் அளவுள்ள டிரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி) கரைசலைத் துண்டுகள் மூழ்கும் அளவு விட்டு, பனிக்கட்டியில் 45 நிமிடம் வையுங்கள். டிரிப்சின் ஜெல்லுக்குள் ஊறவேண்டிய நேரம் அது. குளிரில் அது வெட்டாது, தன்னைத்தானே தின்றும் கொள்ளாது. அதன்பிறகே 37 டிகிரியில் இரவு முழுக்க. அவசரத்தில் பனிக்கட்டிக் கட்டத்தை விட்டுவிடுபவர்களுக்குப் பெப்டைடு (வெட்டிய புரதத் துண்டு) குறைவாக வருவது இதனால்தான்.

நெல் இலையானதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் வெட்டிய உயரத்தில்தான் ரூபிஸ்கோ என்ற ஒளிச்சேர்க்கை நொதியின் பெரிய துணையலகு ஓடுகிறது. இலைப் புரதத்தில் மிக அதிகமாக இருப்பது அதுவே. கெரட்டினை முழுக்கத் துரத்திவிட்டாலும் அடுத்த தடவை பட்டியலின் உச்சியில் ரூபிஸ்கோ வந்து உட்காரும். நீங்கள் தேடும் புரதம் அதன் நிழலில் இருந்தால், முன்கூட்டியே ரூபிஸ்கோவைக் கழிக்க வேண்டும். சாற்றில் கால்சியம் குளோரைடும் பைடேட்டும் 10 மில்லிமோலார் அளவுக்குச் சேர்த்தால் ரூபிஸ்கோ வீழ்படிவாக இறங்கும், மற்றவற்றில் பெரும்பகுதி மேலே தங்கும்.

செல் புரதத்தை யூரியாவில் கரைத்து டிரிப்சின் போடுகிறேன். ஒரு தடவை 3,000 புரதம் வருகிறது, அடுத்த தடவை 900. செய்முறை ஒன்றுதான். எங்கே தப்பு?
– ஆராய்ச்சியாளர், பெங்களூரு

முதலில் தரவிலேயே இரண்டு எண்களைப் பாருங்கள். டிரிப்சின் வெட்டாமல் விட்ட இடங்கள் எத்தனை சதவீதம்? கால்வாசிக்கு மேல் போனால் செரிமானம் சரியில்லை. அது சரியாக இருந்தும் மொத்த சிக்னல் குறைவென்றால், செரித்த பெப்டைடு வழியில் தொலைந்திருக்கிறது.

வெட்டு சரியில்லாததற்குப் பெரும்பாலும் காரணம் யூரியாவும் பிஎச்சும். டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் இரண்டுக்கும் அடுத்து வெட்டும் நொதி. பிஎச் 8 பக்கம் இருக்க வேண்டும். 0.5 மைக்ரோலிட்டரைத் தொட்டு பிஎச் தாளில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது, ஆனால் யாரும் செய்வதில்லை. 8 மோலார் யூரியாவை 1 மோலாருக்கு நீர்க்கச் செய்ய வேண்டும்: 50 மைக்ரோலிட்டர் சாம்பிளை 400 ஆக்குங்கள். 50 மைக்ரோகிராம் புரதத்துக்கு 1 மைக்ரோகிராம் டிரிப்சின் போதும். யூரியா உள்ள குழாயை 37 டிகிரிக்கு மேல் சூடாக்கவே கூடாது. ஜெல் செய்முறையில் உள்ள 56 டிகிரியை இங்கேயும் பின்பற்றுவது சகஜமான தவறு. சூட்டில் யூரியா சிதைந்து ஐசோசயனிக் அமிலம் உண்டாகி, லைசின்மேல் 43 டால்டன் எடையாக ஏறிக்கொள்ளும். அந்த லைசினை டிரிப்சின் வெட்டாது. டிடிடியை அறை வெப்பநிலையில் ஒரு மணிநேரம் வைத்தாலே வேலை நடக்கும். யூரியாவை அன்றன்று கரையுங்கள், பழைய பாட்டிலிலிருந்து ஊற்றாதீர்கள்.

டிரிப்சினை 50 மில்லிமோலார் அசிட்டிக் அமிலத்தில் கரைத்து உறையவையுங்கள். பைகார்பனேட்டில் கரைத்து வைத்தால் அது தன்னையே வெட்டிக்கொண்டு முடிந்துபோகும். புரதம் எவ்வளவு என்று அளவு பார்க்கும் முறையிலும் ஏமாற்றம் உண்டு. பிசிஏ முறையை டிடிடி கெடுக்கும், பிராட்ஃபோர்டு முறையை எஸ்டிஎஸ் என்ற சோப்புப்பொருள் கெடுக்கும். 50 மைக்ரோகிராம் என்று நம்பி 15 மைக்ரோகிராமைச் செரித்தவர்கள் நிறையப் பேர்.

பெப்டைடு தொலைவது குழாய்ச் சுவரில். ஒட்டாத ரகக் குழாய் வாங்குங்கள். சி18 டிப்பில் (பெப்டைடைப் பிடித்துவைக்கும் பிப்பெட் முனை) உப்பு நீக்கியபின் வெற்றிட உலர்த்தியில் எலும்பாகக் காயவிடாதீர்கள். 2, 3 மைக்ரோலிட்டர் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். காய்ந்தே போனால், 2 சதவீத அசிட்டோநைட்ரைலும் 0.1 சதவீத ஃபார்மிக் அமிலமும் கலந்ததை விட்டு, அல்ட்ராசோனிக் தொட்டியில் 5 நிமிடம் வைத்துக் கரையுங்கள்.

திரையில் 44 டால்டன் இடைவெளியில் அழகான பீக் வரிசை. சாம்பிள் பீக் எதுவும் தெரியவில்லை.
– ஆய்வு மாணவி, புதுச்சேரி

அது பாலிஎத்திலீன் கிளைகால் என்ற சங்கிலி மூலக்கூறு. சரியான இடைவெளி 44.03. மின்சுமை 2 என்றால் 22.01. டிரைட்டான் எக்ஸ்-100, ட்வீன்-20, என்பி-40 ஆகிய சோப்புப்பொருள்களில் எதையாவது செல் உடைக்கும் பஃபரில் போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் கைக்கு யாரோ கிரீம் தடவியிருக்கிறார்கள், அல்லது கண்ணாடி பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவியிருக்கிறார்கள். கரைப்பான் பாட்டில்களுக்குச் சோப்பு காட்டவே கூடாது; எல்சி-எம்எஸ் தரத் (இந்தக் கருவிக்கேற்ற தூய்மையுள்ள) தண்ணீரிலும் மெத்தனாலிலும் அலசினால் போதும்.

இதைக் கருவியில் ஏற்றிவிட்டால், ‘காலம்’ என்று ஆய்வகத்தில் சொல்லும் பிரிப்புக் குழாயில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் கசியும். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களின் சாம்பிளும் கெடும். சந்தேகம் இருந்தால் மையத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். மீதமுள்ள புரதத்தை நான்கு பங்கு குளிர்ந்த அசிட்டோன் ஊற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரவு வைத்து வீழ்படிவாக்குங்கள். அல்லது எஸ்டிஎஸ் ஜெல்லில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் ஓட்டி அந்த முழுத்துண்டையும் வெட்டிச் செரியுங்கள்.

445.12-இல் நிற்கும் தனிப் பீக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். அது காற்றில் உள்ள சிலிகோன். பல ஆய்வகங்கள் நிறை அளவைத் திருத்த அதையே அடையாளக்கல்லாக வைத்துக்கொள்கின்றன. 391.28 என்றால் பிளாஸ்டிக்கிலிருந்து வந்த தாலேட்.

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். லேசரால் புரதங்களைப் பறக்கவிட்டுக் கிருமியின் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவியில் சில கிருமிகளுக்கு ஸ்கோர் (பொருத்த மதிப்பெண்) 1.7-ஐத் தாண்டவில்லை. இன்னும் சில தப்பாகவே வருகின்றன.
– திருநெல்வேலி

ஸ்கோர் குறைவதும் பெயர் மாறுவதும் தனித்தனிப் பிரச்சினைகள்.

ஸ்கோர் குறைய முதல் காரணம் தடவும் விதம். பல்குச்சியால் காலனியைத் தொட்டு எஃகுத் தட்டில் தடவும்போது கண்ணுக்கு மங்கலான படலமாகத்தான் தெரிய வேண்டும். திட்டுத்திட்டாக வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். லேசர் மேல்பரப்பை மட்டுமே தொடும், அடியில் உள்ளது மேட்ரிக்ஸோடு (லேசர் ஒளியை உறிஞ்ச மேலே விடும் கரைசல்) கலக்காது. காலனி 18 முதல் 24 மணிநேரத்துக்குள் இருக்கட்டும். அகாரைச் சுரண்டி எடுக்காதீர்கள். கிராம் பாசிட்டிவ் கிருமிக்கும் ஈஸ்டுக்கும் செல்சுவர் தடிமன், அதனால் 70 சதவீத ஃபார்மிக் அமிலம் 1 மைக்ரோலிட்டர் விட்டுக் காயவிட்டு, அதன்மேல் மேட்ரிக்ஸ் 1 மைக்ரோலிட்டர். மேட்ரிக்ஸ் குப்பியைத் திறந்தே வைத்தால் அசிட்டோநைட்ரைல் ஆவியாகி, காயும்போது படிகம் ஒழுங்காக விழாது.

பெயர் தப்பாக வருவதற்குக் காரணம், இந்த முறை பார்ப்பது எதை என்பதில் இருக்கிறது. 2,000 முதல் 20,000 டால்டன் வரை தெரியும் பீக்குகளில் பெரும்பாலானவை ரைபோசோம் புரதங்கள். நெருங்கிய உறவுள்ள கிருமிகளுக்கு அவை ஒன்றுபோலவே இருக்கும். ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் கருவி பிரித்துச் சொல்லாது, உயிர்வேதிச் சோதனையும் சீரச் சோதனையும் தேவை. நிமோகாக்கஸ் என்று வந்தால் ஆப்டோசின், பித்த உப்புக் கரைசல் சோதனை செய்து உறுதிப்படுத்துங்கள்.

மழைக்காலத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மெலியாய்டோசிஸ் (மண், நீரிலிருந்து தொற்றும் கடும் நோய்) கிருமியான பர்கோல்டேரியா சூடோமல்லை. தரவுத்தளத்தில் அது இல்லாத கருவி, நோய் உண்டாக்காத பர்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் என்று பெயர் சொல்லக்கூடும். சர்க்கரை நோயாளியின் இரத்தத்திலிருந்து அந்தப் பெயர் வந்தால் அப்படியே அறிக்கை எழுதிவிடாதீர்கள், உடனே நுண்ணுயிரியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் காலனியைத் திறந்த மேசையில் கையாளவும் வேண்டாம். பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து எத்தனால்–ஃபார்மிக் அமில முறையில் கிருமியைக் கொன்று சாறெடுத்த பிறகே தட்டில் வையுங்கள். காசநோய்க் கிருமிக்கும் இதே எச்சரிக்கை: முதலில் கொல்ல வேண்டும், பிறகுதான் தட்டு.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்தேன். வீட்டுச் சூழ்நிலையால் உடனே வேலைக்குப் போக வேண்டும். முனைவர் பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் நிலைக்க முடியுமா?
– மதுரை

முடியும். ஃபென்னோடு 2002 நோபல் பரிசைப் பகிர்ந்த கோயிச்சி தனாகா, ஜப்பானில் ஷிமாட்சு நிறுவனத்துப் பொறியாளர். மின்பொறியியலில் இளநிலைப் பட்டம், அவ்வளவுதான். கோபால்ட் நுண்தூளில் தவறுதலாகக் கிளிசரினை ஊற்றிவிட்டார். வீணாக்க மனமில்லாமல் அதையும் லேசரில் வைத்துப் பார்த்தபோதுதான் பெரிய மூலக்கூறு உடையாமல் பறந்தது. அப்போது அவருக்கு 25 வயது. ஃபென்னோ 70 வயதைக் கடந்தபின் புரதங்களை எடைபோட்டவர். பட்டத்தையும் வயதையும் வைத்து இந்தத் துறையில் கதவடைப்பு இல்லை.

மருந்து நிறுவனம், உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஆய்வகம், பல்கலைக்கழகப் பொதுக் கருவி மையம் ஆகியவற்றில் எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு வேலை உண்டு. அங்கே மதிப்பு எதற்கு என்றால், எண்ணை நம்பலாமா என்று சந்தேகப்படத் தெரிந்தவருக்கு. 2018-இல் இரத்த அழுத்த மருந்தான வால்சார்டானிலும் 2019-இல் நெஞ்செரிச்சல் மருந்தான ரானிடிடினிலும் என்டிஎம்ஏ என்ற புற்றுநோய் அபாயமுள்ள மாசு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினில் தேடினார்கள். ஒரு தனியார் ஆய்வகத்தின் எண்கள் மிக அதிகமாக வந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சோதித்துப் பார்த்தபோது, மாத்திரையில் இருந்த டிஎம்எஃப் என்ற கரைப்பான் இடையில் புகுந்திருந்தது தெரிந்தது. என்டிஎம்ஏவின் அயனி 75.0553. டிஎம்எஃப் மூலக்கூறில் நைட்ரஜன்-15 (சற்றே கனமான நைட்ரஜன்) இருந்தால் அதன் அயனி 75.0571. இரண்டும் ஒரே நேரத்தில் குழாயிலிருந்து வெளிவந்தால், நிறையைத் தளர்வாக அளக்கும் முறை இரண்டையும் கூட்டிவிடும். நேர்காணலில் இந்த வித்தியாசத்தை ஒரு தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தவரை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

பின்னாளில் ஆராய்ச்சிக்குத் திரும்ப நினைத்தால் சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வு இருக்கிறது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வுநிதி மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தெற்கே இத்துறை வலுவாக உள்ள இடங்களில் ஹைதராபாதின் ஐஐசிடி (வேதித் தொழில்நுட்ப நிறுவனம்), சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்), பெங்களூரு ஐஐஎஸ்சி, சென்னை ஐஐடி ஆகியவை அடங்கும். சேருமுன் கருவியின் விலையை விசாரிக்காதீர்கள். மாணவருக்கு வாரம் எத்தனை மணிநேரம் கருவி கிடைக்கும், அதைப் பராமரிப்பது யார் என்று கேளுங்கள்.

1 சதவீத எஃப்டிஆர் (பட்டியலில் தப்பானவை இருக்கக்கூடிய விகிதம்) போட்டுத்தானே புரதப் பட்டியல் எடுக்கிறோம். பிறகும் ஏன் கட்டுரையைத் திருப்புகிறார்கள்?
– சென்னை

பெப்டைடு அளவில் 1 சதவீதம் என்பது புரத அளவில் 1 சதவீதம் ஆகாது. சரியான பெப்டைடுகள் ஒரே புரதத்தின்மேல் குவியும், தப்பானவை ஆளுக்கொரு புரதமாகச் சிதறும். பல ரன்களைச் சேர்க்கச் சேர்க்க அந்தத் தப்பு பெருகும். 2014 மே மாதம் மனிதப் புரதங்களின் வரைவுப் பட்டியல்கள் இரண்டு ஒரே நேரத்தில் வெளிவந்தன. அதில் ஒன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸும் பெங்களூரு இன்ஸ்டிட்யூட் ஆஃப் பயோஇன்ஃபர்மாடிக்ஸும் சேர்ந்து செய்தது, 17,294 மரபணுக்களின் புரதங்களைக் கண்டதாகச் சொன்னது. பெரிய சாதனை. ஆனால் இரண்டு பட்டியல்களிலும் பெரும்பாலும் மூக்கில் இருக்கவேண்டிய வாசனை ஏற்பிகள் இருந்ததை அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். மூக்குத் திசுவையே சேர்க்காத சாம்பிள்கள் அவை. புரத அளவிலும் எஃப்டிஆரைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஒரே பெப்டைடை நம்பி நிற்கும் புரதங்களின் ஸ்பெக்ட்ரத்தைக் கண்ணால் பாருங்கள். நோயாளி சாம்பிள் எல்லாம் திங்கள், ஆரோக்கியமானவர் சாம்பிள் எல்லாம் வியாழன் என்று ஓட்டியிருந்தால் எந்த எஃப்டிஆரும் காப்பாற்றாது. கலைத்து ஓட்டுங்கள்.

எங்கள் கல்லூரியில் டாஃப் (அயனி பறக்கும் நேரத்தை வைத்து நிறை அளக்கும்) கருவி இருக்கிறது. மதியத்தில் நிறை விலகுகிறது, காலையில் சரியாக இருக்கிறது. பவர் போனால் என்ன செய்வது?
– உதவிப் பேராசிரியர், திருச்சி

மதிய விலகலுக்கு அறை வெப்பத்தைப் பாருங்கள். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 17 மைக்ரோமீட்டர் நீளும். அயனி பறக்கும் குழாய் நீண்டால் பயண நேரம் கூடும். நிறை அந்த நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 34 பிபிஎம் (பத்து லட்சத்தில் 34 பங்கு) விலகும். ஏசியை இரவு அணைத்துக் காலையில் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ரன் நடுவே தெரிந்த நிறையுள்ள ஒன்றை ஓட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால் வெற்றிடத்தைக் காக்கும் டர்போ பம்பு சுழற்சி குறைந்து நிற்கும், உள்ளே காற்று ஏறும். யுபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மட்டுமில்லை, பம்புகளுக்கும் இணைந்திருக்கிறதா என்று இன்றைக்கே ஒயரைப் பின்தொடர்ந்து பாருங்கள். பல இடங்களில் ரஃப் பம்பு (முதல்கட்ட வெற்றிடம் உண்டாக்கும் பம்பு) நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் இருக்கும். வெற்றிடம் போய்விட்டால் மின்சாரம் வந்ததும் வோல்டேஜை ஏற்றாதீர்கள். இரவு முழுக்கப் பம்பு ஓடட்டும், காலையில் அழுத்த அளவு பழைய குறிப்பேட்டு எண்ணுக்குத் திரும்பியிருந்தால் மட்டும் டிடெக்டரைப் போடுங்கள். ரஃப் பம்பின் எண்ணெய்க் கண்ணாடியில் தேன்நிறம் மாறித் தேநீர் நிறம் வந்திருந்தால், அந்த நிறுத்தத்திலேயே எண்ணெயையும் மாற்றிவிடலாம்.